சிரிப்பு வடியும் இடம்

ஷாம்பு போட்ட பெண் தலையைச் சிலுப்பிச் சிரிக்கிறாள். டைரக்டர் "கட்" என்கிறார். சிரிப்பு சட்டென்று வடிந்துபோகிறது. அந்த இடம் வந்ததும் கத்திரியக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் மூஞ்சியைக் கொண்டுபோவாள்.

விளம்பரப் படத்தை வெட்டி ஒட்டுவது அவள் பிழைப்பு. பன்னிரண்டு வருஷமாய்ப் பார்க்கிறாள். சோப்போ, குக்கரோ, லாரி டயரோ, எதை விற்றாலும் முன்னால் ஒருத்தி பல்லைக் காட்ட வேண்டும். டயரைக் கட்டிக்கொண்டும் சிரித்திருக்கிறார்கள், பாவிகள். சிரிப்பு கம்பெனிக்கு. வடிந்த முகம் குப்பைக்கு. அக்கா குப்பையைத்தான் சேர்த்தாள். "நல்லதெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க, மிச்சம் எனக்கு" என்பாள்.

சேர்த்ததை ஒட்டினாள்: நாற்பது பெண்கள், பதினோரு நிமிஷப் படம். ஒவ்வொருத்தியையும் போனில் பிடித்துச் சம்மதம் கேட்டாள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "மறுபடி சிரிக்க வைக்க மாட்டீங்கல்லக்கா?"

"மாட்டேன்."

நாளைக்குக் கலைக்கூடத்துச் சுவரில் ஓட வேண்டும். நாற்பது பேரும் வருகிறார்கள். கூடத்துக்குப் படியளப்பது ஒரு சோப்புக் கம்பெனி. அதன் மேலாளர் இன்றைக்கே பார்க்க வந்தார்.

"என்னம்மா, எல்லாப் பொண்ணும் சிரிச்சுட்டு எழவு வீட்டுக்குப் போற மாதிரி ஆயிருதுங்க? படம் பின்னாலேருந்து ஓடுதா?"

"அதானே பாத்தேன்" என்று புரொஜக்டர்காரர், ரொம்ப விவரமானவர், படத்தைத் திருப்பி ஓடவிட்டார். வாடிக் கிடந்த முகமெல்லாம் வரிசையாய் மலர்ந்தது. மேலாளர் கை தட்டினார்.

"இதுதாம்மா கலை! கடைசியில நம்ம சோப்பு ஒண்ண வச்சிருங்க."

"சார், முதல்ல ஓடினதுதான் சரி. இதுதான் தலைகீழு."

"வீட்லதான் தெனம் இந்த உம்முனு மூஞ்சியப் பாக்குறோம். இங்கயுமா?"

"ஏன் உம்முனு இருக்கான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மேலாளருக்குச் சுருக்கென்றது. "இப்படித் திருப்பிப் போட்டா நாளைக்கு ஓடும். இல்லேன்னா சுவரு சும்மா கெடக்கட்டும்."

புரொஜக்டர்காரர் காதோரம் வந்தார். "வளைஞ்சு குடுத்துருங்கக்கா. இன்னொரு சுவரு கெடைக்குமா?"

கிடைக்காது. ஏழு கூடம் ஏறி இறங்கியவளுக்கு அது தெரியாதா?

மேலாளர் குரலைக் குழைத்தார். "சரின்னு சொல்லுங்கம்மா. அதையும் கொஞ்சம் சிரிச்ச முகமாச் சொல்லுங்க."

அக்கா புரொஜக்டரில் செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கினாள். சுவரில் மலர்ந்துகொண்டிருந்தவள் பாதியில் மறைந்தாள். பென்டிரைவைக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசிப் பல் வரைக்கும் இழுத்து மூடினாள்.