வளைந்த விரலுக்கு ஒரு கிளாரினெட்

இந்த ஊரில் ஒரு கிளாரினெட்டை ஊதிப் பார்ப்பதற்குக்கூட முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். நாற்பது வருடங்களுக்கு மேலாக நான் குடியிருக்கும் யார்க்‌ஷயர் நகரத்தில், சந்தைக்குப் பின்னால் ஓர் இசைக்கருவிக் கடை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். போனதும், கதவைச் சாத்தினால் வெளியே சத்தம் கேட்காத ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். வாயில் வைக்கும் பகுதியை மருந்து தெளித்துத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, ஊசி போட வருபவரைப் போல எடுத்துவந்தார் லிண்டா என்ற கடைக்காரப் பெண்மணி. சித்தூரில் நானும் முனிரத்தினமும் ஒரே கிளாரினெட்டை மாற்றி மாற்றி ஊதியிருக்கிறோம். நடுவில் வேட்டி முனையால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான்.

நான் ஊதுவதை விட்டு ஐம்பத்தைந்து வருடங்கள் ஆகின்றன. சென்ற குளிர்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண், "எப்போதாவது ஏதாவது வாத்தியம் ஊதியிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். மறைந்த என் மனைவியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அன்று ஏனோ, "ஆமாம், கிளாரினெட்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க மனம் வரவில்லை.

லிண்டா இரண்டு கிளாரினெட்டுகளை மேசையில் வைத்தார். ஒன்று கருமரம், இன்னொன்று பிளாஸ்டிக். மரத்தைத்தான் முதலில் எடுத்தேன். விரலால் அமுக்கும் சாவிகளின் அமைப்பே மாறிப்போயிருந்தது. விரல்கள் பழைய இடங்களைத் தேடி ஏமாந்தன. ஆனாலும் மூச்சு தாக்குப்பிடித்தது. தைரியம் வந்து ஆனந்தபைரவியில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தேன். எங்கள் வாசிப்பில் சுரத்தைப் படிக்கட்டு போல வைக்க முடியாது. துளையின் மேலிருந்து விரலை மெல்ல உருட்டி விலக்கி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கதவு திறந்தது. "மன்னிக்கணும் லவ், அதில் காற்று ஒழுகுகிறது. பழுதுபார்க்க அனுப்பிவிடுகிறேன்" என்றார் லிண்டா. எல்லோரையும் 'லவ்' என்று கூப்பிடும் ஊர் இது.

"ஒழுகவில்லை, நான்தான் ஒழுக விடுகிறேன்" என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பிறகு மிகுந்த கனிவோடு, "உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது" என்றார். இந்த நாட்டில் அந்தச் சொற்களை வேறு அர்த்தத்தில் பலமுறை கேட்டவன் நான். முகம் இறுகியது. ஆனால் அவர் சொன்னது மூட்டுவாதக்காரர்களை. ஒரு பழைய பேண்டுக்காரர் விட்டுச்சென்றதாம் அந்தக் கிளாரினெட். சாக்ஸபோனில் இருப்பது போல ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி. "விரல் வளைந்து போயிருந்தாலும் கவலையில்லை. அமுக்கினால் போதும், மூடி தானாக உட்கார்ந்துகொள்ளும்" என்றார். இதில் இழுப்பு வராதே என்று சொல்ல வாயெடுத்தவன், அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வளைந்த விரல் என்றதும் எனக்கு என் விரல் நினைவுக்கு வரவில்லை.

முனிரத்தினம் பள்ளியில் என் பக்கத்துப் பெஞ்சு. அவன் நைனா சித்தூரில் பேண்டு செட்டு வைத்திருந்தார். என் தகப்பனார் மிஷன் பள்ளி ஆசிரியர். வீட்டில் கீர்த்தனைப் புத்தகம் தவிர வேறு சங்கீதம் கிடையாது. முனிரத்தினம்தான் எனக்கு ஊதக் கற்றுக்கொடுத்தான். கல்யாணங்களில் அவனுக்குப் பின்னால் இரண்டாம் கிளாரினெட்டாக நின்றேன். ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்த ஊர் யாருக்கு என்ற தகராறு தீராமல் இருந்த காலம் அது. தமிழர் ஊர்வலத்துக்கும் பேண்டு வேண்டும், தெலுங்கர் ஊர்வலத்துக்கும் பேண்டு வேண்டும். ஊரில் நல்ல செட்டு ஒன்றுதான். "காலையில உங்களுது, சாயங்காலம் அவுங்களுது. நடுவுல சோறு துன்ன நேரம் குடுங்கடா" என்று முனிரத்தினம் சிரிப்பான்.

ஒருநாள் சித்தூரில் எங்கள் தமிழர் ஊர்வலத்துக்கு வாசித்து முடித்ததும், மாலையில் திருப்பதியில் தெலுங்கர் ஊர்வலம் இருப்பதாகச் சொன்னான். நானும் வருகிறேன் என்றேன். "நீ வேணாம் தேவா. உன் இழுப்பு சரியா நிக்கல. மூணு மணி பஸ்ஸுல நாங்க மட்டும் போறோம்" என்றான். செட்டுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னான். நான் நேரே எங்கள் ஊர்வலத்தை நடத்திய எல்லைப் போராட்டக் கமிட்டிப் பையன்களிடம் போனேன். காலையில் நமக்கு ஊதியவன் மூன்று மணி பஸ்ஸில் அவர்களுக்கு ஊதப் போகிறான் என்றேன். மொழிப்பற்று என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொறாமையும் அவமானமும்தான்.

பஸ் நிலையத்தில் கிளாரினெட்டைப் பிடுங்கினார்கள். அவன் விடவில்லை. பஸ் படியில் வைத்து மிதித்ததில் கருவி பிளந்தது. அவனுடைய இடதுகை மோதிர விரல் நசுங்கியது. வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் நின்ற என்னை அவன் பார்த்துவிட்டான். "தேவா, பெட்டியப் புடிடா!" என்று காலியான வாத்தியப் பெட்டியை என் பக்கம் வீசினான். பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அந்த விரல் வளைந்தே ஒட்டியது. அதன் பிறகு அவனால் துளையை மூட முடியவில்லை. நானும் ஊதவில்லை. படித்தேன், கணக்கு வாத்தியாரானேன், கப்பல் ஏறினேன். முனிரத்தினம் காணிப்பாக்கம் கோயிலருகே தேங்காய்க் கடை வைத்தான். வருடத்துக்கு இரண்டு முறை போனில் பேசுவோம். அன்றைக்குப் பெட்டியைக் காப்பாற்றியவன் தேவாதான் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவான்.

லிண்டாவிடம் இரண்டு வாங்கினேன். மூடி உள்ள கிளாரினெட் முனிரத்தினத்துக்கு. எனக்குப் பிளாஸ்டிக். இங்கத்திய குளிரிலிருந்து சித்தூர் வெயிலுக்குக் கொண்டுபோனால் மரம் விரிசல் விடும் என்று அவர்தான் எச்சரித்தார். ஆனால் உண்மையைச் சொல்லாமல் அந்தக் கருவியை அவன் கையில் கொடுத்தால், அது பழைய பொய்க்கு மேல் இன்னொரு பொய். மறுநாளே போன் செய்தேன்.

"இன்னாடா வாத்தியார் மவனே, மூச்சு வுடறியா?" என்றான். சொன்னேன். பொறாமை முதல் வாழைப்பழ வண்டி வரை எதையும் விடவில்லை.

"அப்ப, போய்ச் சொன்னது மச்சான் இல்லியா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. நாங்கள் பழகும் முன்பே கல்யாணமாகிப் போன அவன் அக்கா ராஜம்மாவின் கணவர் திருத்தணிக்காரர், அங்கே கமிட்டியில் இருந்தவர். "செட்டு ஆளுங்களத் தவிர, எந்த பஸ்ஸுன்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சுக்கினு இருந்தேன். உன்ன நான் அந்தக் கணக்குலயே வெக்கல தேவா. பதினெட்டு வருசம் அவர் வூட்ல தண்ணி குடிக்கல. செத்தப்பக்கூட போவல. அக்கா இன்னும் எங்கிட்டப் பேசறதில்ல."

எல்லை முடிவாகி, திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. அந்தக் குடும்பத்தை எல்லைக்கோடு பிரித்துவிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நானும் அவனுக்கு ஒரு கடிதத்தில் அப்படி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறேன். பிரித்தது என் வாய்.

கிளாரினெட் வாங்கியிருப்பதைச் சொன்னேன். "அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல திருத்தணிக்குப் போ. எங்க அக்காவாண்ட போன்ல சொல்லாத. வூட்டுக்குப் போய், அவ மூஞ்சியப் பாத்து சொல்லு. அது முடிஞ்சப்புறம் இங்க வா. ஊதறதா, உன்ன ஒதைக்கறதான்னு அப்ப பாத்துக்கலாம்."

போகிறேன். தினமும் பத்திலிருந்து பதினொன்று வரை பயிற்சி செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசி முடிவான நேரம் அது. இழுப்பு இன்னும் சரியாக நிற்கவில்லை. நிற்கும்வரை விடப்போவதில்லை.

சொந்த ஊருக்குப் போக எனக்கு இப்போது விசா வேண்டும். கம்ப்யூட்டரில் நிரப்பும் அந்தப் படிவத்தில், இந்தியாவில் உங்களை அறிந்தவர் ஒருவரின் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். உறவென்று அங்கே எனக்கு யாரும் மிச்சமில்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. முனிரத்தினத்திடம் கேட்டேன்.

"என் பேர எழுதாத. அக்கா பேர எழுது" என்று முகவரியைச் சொன்னான்.

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே."

"போய்ச் சொன்னா தெரிஞ்சுக்குவா."

எழுதினேன். பிறந்த இடம் சித்தூர், ஆந்திரப் பிரதேசம். குடியுரிமை பிரிட்டன். என்னை அறிந்தவர் ராஜம்மா, திருத்தணி, தமிழ்நாடு. மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி சொல்லும் கட்டம் கடைசியில் இருந்தது. மூன்றாவது வரி இன்னும் உண்மையாகவில்லை. அதை உண்மையாக்கப் போகிறவன் நான்தான் என்பதால், கட்டத்தில் டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.