ஏழாம் இலை

மயிலாப்பூரில் காதுகுத்துக்கும் பத்திரிகை அச்சடிக்கிறார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வீடு தேடி வந்து கொடுத்துவிட்டு, "அவசியம் வந்துடணும்" என்று வாயாலும் ஒரு தடவை சொல்வார்கள். வடக்கே சந்தால் பழங்குடிகளான எங்களுக்கு இவ்வளவு மெனக்கெடல் கிடையாது. ஒரு சால் மரக்கிளை வரும். அதில் எத்தனை இலையோ, அனுப்பிய நாளிலிருந்து அத்தனையாம் நாள் ஊர்க்கூட்டம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தி. நகர் மன்றங்களில் எங்கள் நிலம் பறிபோவதைப் பற்றிப் பேசுவேன். கைதட்டுவார்கள். காபி வரும். பிறகு யாராவது, "உங்க டான்ஸ் ஒண்ணு ஆடிக் காட்டுங்களேன், சார்" என்பார். எரிச்சலாக வரும். எங்கள் ஊரில் உட்கார்ந்து பார்க்க ஆளே இருக்காது, எல்லாரும்தான் ஆடுவோம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன்.

அந்தச் சமயம் எங்கள் குன்றைக் கல்குவாரிக்குக் கேட்டு ஒரு காண்டிராக்டர் ஆங்கிலப் பத்திரத்தோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் போய்ப் படித்துச் சொல்லாவிட்டால் எல்லாரும் கைநாட்டு வைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்குச் சோற்றோடும் தூக்கத்தோடும் கூடவே இருந்தது.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்கார மாமி ஒரு கிழிந்த கவரைக் கொடுத்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"இலை எட்டிப் பார்த்துண்டிருந்தது. ஏதோ கோவில் பிரசாதம்னு சுவாமிகிட்ட வெச்சுட்டேன்" என்றார்.

பூஜை அறைக்குள் நான் போவதில்லை. வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். குங்குமப் பொட்டோடு கிளை. நாலு இலை. கவரில் தபால் முத்திரை விழுந்தும் நாலு நாள் ஆகியிருந்தது. கூட்டம் அன்றைக்கே. ரயிலில் மட்டும் இரண்டு நாள் ஆகும். கூடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமி நெஞ்சில் கை வைத்தார். "அடப்பாவமே! காஞ்சுபோனது மூணை நான்தானே கிள்ளிப் போட்டேன்! சுவாமிக்கு ஆகாதேன்னு..."

"மூணா? நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ, மாமி." என் தமிழ் முழுக்க மாமியிடம் கற்றதுதான்.

"மூணுதான். குப்பைக்கூடையில கெடக்கு, பாரேன்."

கூடையைக் கூடத்திலேயே கவிழ்த்தேன். மூன்றும் இருந்தன. இன்னும் மூன்று நாள். வேறு நாளாக இருந்தால் மாமி என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். அன்று தயிர்சாதம் கட்டிக் கொடுத்து, கிளையையும் கையில் திணித்து, "ரயிலுக்கு ஓடு" என்றார்.

ஊர் கூடிக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். பத்திரத்தை வரிவரியாக எங்கள் மொழியில் சொன்னேன். குன்றோடு ஓடையும் காண்டிராக்டருக்கே என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒருவரும் கைநாட்டு வைக்கவில்லை.

எல்லாரும் எழுந்தபின் ஊர்த்தலைவர் என் கிளையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"வீட்டில் வைத்தார்கள்" என்றேன், யோசிக்காமல்.

"எந்த வீட்டில்?" என்று கேட்டார். என் வீடு அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது.