சத்தமில்லாமல் நடந்தவள்

எங்கள் கடையில் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்தது நான்தான். விருந்துகளுக்குத் தட்டும் கண்ணாடி டம்ளரும் வாடகைக்கு விடுகிற கடை அது. திரும்பி வரும் சாமான்களைப் பின்கட்டில் கழுவித் துடைத்து அட்டைப் பெட்டிகளில் அடுக்குவது எங்கள் வேலை. மேலே தகரக் கூரை, கீழே எந்நேரமும் ஈரத்தரை. யார் நடந்தாலும் சளக் சளக்கென்று கேட்கும். அவள் நடந்தால் மட்டும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். ஒருநாள் பயத்தில் கையிலிருந்த தட்டையே போடப் பார்த்தேன். "கழுத்துல ஒரு மணி கட்டிக்கிட்டு வாயேன், பூனை" என்றேன். சிரித்தாள், அதிலும் சத்தமில்லை.

எனக்கு வாய் நீளம் என்று கடையில் பெயர். வாயே இல்லாத ஒருத்தியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், வம்புக்கு இழுக்காமல் இருக்க முடியாது. எவ்வளவு இழுத்தும் அவள் அசையவில்லை.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. எது உடைந்தாலும் உடைத்தவர் அந்த நொடியே "உடைஞ்சுது" என்று கத்த வேண்டும். கேட்டதும் எல்லாரும் கால் வைத்த இடத்தில் அப்படியே நிற்போம். யாராவது துடைப்பம் கொண்டுவந்து பெருக்கிய பிறகுதான் நகர்வோம். ஈரத்தரையில் கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது, பாதத்துக்குத்தான் தெரியும். மற்றபடி உடைத்ததற்கு யாரும் யாரையும் ஒன்றும் சொல்வதில்லை. உடையாமல் இருக்க இது என்ன இரும்புக் கடையா என்பார் முதலாளியம்மா.

பூனை வந்து சேர்ந்த சில வாரங்களில் டம்ளர்கள் குறைய ஆரம்பித்தன. யாரும் "உடைஞ்சுது" என்று கத்தவும் இல்லை, குப்பைத் தொட்டியில் சில்லும் இல்லை. முதலாளியம்மாவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஒரு மாலை வாசலில் நின்றுகொண்டு எல்லார் பையையும் திறந்து பார்த்தார். பூனையின் பையில் ஒரு பழைய துண்டு இருந்தது. பிரித்தால் உள்ளே டம்ளர் இல்லை, டம்ளரின் சில்லுகள். ஒன்று விடாமல் பொறுக்கி, பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தாள்.

இதை எதுக்கு வீட்டுக்கு எடுத்துப் போகிறாய் என்று முதலாளியம்மா கேட்டதுதான் தாமதம், பூனை ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். முதலாளியம்மாவின் இரண்டு கையும் பைக்குள்ளேதான் இருந்தன. அடிக்க யாருமே இல்லாத இடத்தில் அவள் அடிக்குத் தயாராகி நின்றாள். முதலாளியம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. என்னை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்.

அன்றுதான் அவள் வாயைத் திறந்தாள். கணவர் குடிக்கிறவர் இல்லை. நல்ல வேலை, இஸ்திரி போட்ட சட்டை, தெருவே தங்கமான மனிதர் என்று சொல்லும். வீட்டுக்குள் ஒரு டம்ளர் கைதவறினால் போதும், கதவு கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் போதும், தங்கம் கையை ஓங்கிவிடும். அதனால் அம்மாவும் மகளுமாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எது உடைந்தாலும் மூச்சு விடாமல் சில்லுகளைத் துணியில் சுற்றுவார்கள். மகள் அதைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போய் அடுத்த தெருத் தொட்டியில் போடுவாள். அதே மாதிரி இன்னொரு டம்ளர் அலமாரிக்கு வந்துவிடும். வீட்டை விட்டு வந்த பிறகும் அவள் கை அந்த வழக்கத்தை விடவில்லை.

மகள் மேல் அவர் விரல் நகம் கூடப் பட்டதில்லை. தலையில் தூக்கி வைத்து ஆடுவார். அதனால் அந்தப் பெண் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அப்பா நல்லவர், அம்மாவுக்குத்தான் பதவிசு போதாது. நீ அவரைக் கோபப்படுத்தாமல் இருந்தால் என்னம்மா என்று கேட்குமாம்.

கடைசியாக அவர் முறுக்கியதில் இவளுடைய மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். இவள் பதிலுக்குத் திணறும்போதே, பக்கத்தில் நின்ற மகள், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாங்க, தரையில் சோப்புத் தண்ணி இருந்தது என்று கண் இமைக்காமல் சொன்னது.

"நான் சொல்லிக் கொடுக்கல அக்கா. அவ்வளவு சுத்தமா பொய் வந்துச்சு அவளுக்கு" என்றாள் பூனை. "எனக்கு வலியெல்லாம் மறந்துபோச்சு. இவளும் ஒருநாள் எவன்கிட்டயோ அடி வாங்கிட்டு இதையே சொல்லுவான்னு தோணுச்சு."

மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை. மகள் வந்தது, ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் முதலாளியம்மா விரிசல் விட்ட தட்டுகளை எல்லாம் எடுத்துப் போட்டு, பூனையின் முன் ஒரு தொட்டியை வைத்தார். போட்டு உடை, உடைத்துவிட்டுக் கத்து என்றார். முதல் தட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நான் ஓட்டு ஓட்டு என்று ஓட்டினேன். எத்தனை தட்டு போனதோ, ஒரு கட்டத்தில் அவள் போட்ட கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

அந்தச் சந்தோஷம் நிலைப்பதற்குள், அவளுடைய அண்ணன் அவள் கணவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சேதி வந்தது. இதற்கு முன் இரண்டு முறை கோபித்துக்கொண்டு வந்தவளைச் சமாதானம் பேசித் திரும்பக் கொண்டுபோய் விட்டவர் அந்த அண்ணன்தான். பூனைக்கு அண்ணனைப் பற்றிக் கூடக் கவலை இல்லை. மகள் அப்பா பின்னால் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். அவளை அங்கே தனியாக விட மாட்டேன், அவள் போனால் நானும் போய்த்தான் ஆக வேண்டும் என்றாள். துணைக்கு என்னை வரச் சொன்னாள், வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

என் வாழ்நாளில் நான் பட்ட பெரிய கஷ்டம் அவள் அறையில் அந்த ஒரு மணி நேரம் பேசாமல் இருந்ததுதான். அண்ணன் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். இவள் மகள் வயதுதான், இரண்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தன. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் தலை குனிந்து, தேன் ஒழுகப் பேசினார். அண்ணன் தன் பங்குக்கு, கோபம் இல்லாத ஆம்பளை யார், இப்போது அவர் மாறிவிட்டார், உத்தரவாதம் நான் என்று அடுக்கினார். பூனை தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அவர் மாறிட்டார்னு நீ நம்புறியா அண்ணா?"

"நம்பாமலா கூட்டிட்டு வந்திருக்கேன்?"

"அப்போ உன் பொண்ணை ஒரு மாசம் அந்த வீட்ல விடு. அவர் சாப்பாடு, அவர் துணி, எல்லாம் அவ பாத்துக்கட்டும். மாசம் முடிஞ்சதும் நான் வரேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் தன் மகளைப் பார்த்தார். அந்தக் குழந்தை ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தங்கைக்கு நடந்தது என்ன என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். எழுந்து, "கிளம்புங்க மாப்பிள்ளை" என்றார்.

மாப்பிள்ளை கிளம்பவில்லை. கடைசிச் சீட்டை இறக்கினார். மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். "உங்க அம்மா வரலைன்னா போகட்டும். நீ அப்பா பொண்ணு. வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்."

பூனையின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. நசுங்கிவிடும் போல இருந்தது. ஆனால் அவள் மகளைக் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை. அந்தப் பெண் எழுந்து அப்பா அருகில் போய் நின்றபோது என் உயிர் என்னிடம் இல்லை.

"எனக்கு உங்களைப் பிடிக்கும்பா" என்றது. "ஆனா அந்த வீட்ல நான் தூங்கினதே இல்ல. உங்க ரூம்ல என்ன சத்தம் வருதுன்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். இங்க வந்துதான்பா தூங்குறேன். நான் வரல."

நீட்டிய கையை அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். படியிறங்கும்போது அண்ணன்தான் அவருக்கு முன்னால் போனார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. பூனை கடைக்குத் தாமதமாக வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். பொண்ணு இன்னும் எழுந்திருக்கல, எழுப்ப மனசு வரல, பாத்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன் என்று பின்கட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.