இடது பக்கம் சுரண்டிய கைத்துப்பாக்கி

எங்கள் தெருவில் பழைய சாமான் விற்கிற எல்லோருக்கும் ஒரே புத்திதான். கதவு வந்தால் பெயிண்டைச் சுரண்டு. பெட்டி வந்தாலும் சுரண்டு. உள்ளே தேக்கு தெரிந்தால்தான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வருகிறவன் வாயைப் பிளப்பான். இருபது வருஷமாக நானும் சுரண்டுகிறேன்.

அப்படிப்பட்ட என் கடைக்கு ஒரு பட்டாளக் கைத்துப்பாக்கி வந்தது. குழலுக்குள் இரும்பை இறக்கிப் பற்றவைத்து, சுடவே முடியாதபடி ஆக்கி, அதற்கான காகிதத்தோடு வந்த கிழட்டுத் துப்பாக்கி. மேலே தார் பூசியதுபோல் தடித்த கறுப்புப் பெயிண்ட். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண் போனில் படம் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வர்றேன், யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றாள். என் கடையில் அதுவரை துப்பாக்கி விற்றதே இல்லை. இதை விற்றே தீர வேண்டும் என்று எனக்கு வெறி. எதிரே சாயாக்கடை வைத்திருக்கும், என்னை 'இக்கா' என்று கூப்பிடும் மலையாளிச் சேட்டனிடம் ஏற்கெனவே பீற்றியும் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை, அவள் அசந்து போகட்டும் என்று பெயிண்ட் நீக்கும் திரவத்தை எடுத்தேன். இடது பக்கம் பளபளவென்று வெள்ளி மாதிரி வந்தது. வலது பக்கம் தொடங்குவதற்குள் அவள் வந்துவிட்டாள். பார்த்தாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பாய், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அழுக்குப் பெயிண்டு, எடுத்தாச்சு. உள்ளே பாத்தா ஒவ்வொரு பாகத்துலயும் இருக்கிற நம்பர்கூட ஒண்ணுக்கொண்ணு சேரல. எவனோ ஒட்டுப்போட்டு ஏமாத்தியிருக்கான்."

"அந்த எவனோ பட்டாளம்தான் பாய்! நூத்துக்கணக்குல கழட்டி, எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு, பொருந்துறதை எடுத்து மாட்டி, இந்தக் கறுப்பை அடிச்சு, முத்திரை குத்தித் திரும்ப வேலைக்கு அனுப்புவாங்க. புதுசு மாதிரி பளபளப்பைத் தேடுறவங்க வேற. நான் இந்தக் கறுப்பைத்தான் சேக்கறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கறுப்பைப் பார்த்துத்தானே அவள் வருகிறேன் என்றாள்! அது என் மண்டையில் ஏறாதது என் தப்பு. ஆனால் கத்தியது அவளிடம்.

"வேண்டாம்னா போம்மா!"

சாயாவோடு வந்த சேட்டன் துப்பாக்கியை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "இக்கா, பாதி க்ஷவரம் செஞ்சு ஆளை எழுப்பி விட்டபோல உண்டல்லோ!"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும்தான்.

"முத்திரை வலது பக்கம். தப்பிச்சீங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எடுத்துக்கறேன். ஆனா யார், என்னைக்கு, எதுக்குச் சுரண்டினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பட்டாளம் செஞ்சதுக்கு முத்திரை இருக்கு. உங்க வேலைக்கும் ஒண்ணு வேணுமில்ல?"

பெயர் எழுதினேன். தேதி போட்டேன். காரணத்தில் பேனா நின்றது.

"புத்தி இல்லாததுகொண்டுன்னு எழுதிக்கோ, இக்கா" என்றார் சேட்டன்.

அதையே நல்ல தமிழில் எழுதினேன். அவள் பெட்டியில் காகிதத்தை முதலில் வைத்து, அதன் மேல் துப்பாக்கியை வைத்து மூடினாள்.

என் கடையில் விற்ற முதல் துப்பாக்கி, என் முட்டாள்தனத்தோடு ஆட்டோ ஏறியது. அன்று பூராவும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து இரண்டு வெளியூர்க்காரர்கள் உள்ளே வராமலே போனார்கள்.