ஈயத்தோடு தொடர்பில்லாதவர்

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலையின் சுகாதார அறிக்கையில் அவரைப் பற்றி இருந்தது இவ்வளவுதான்: "ஊழியரின் மனைவி. வீட்டில் இருப்பவர். ஈயத்தோடு எவ்விதத் தொடர்பும் அற்றவர்."

அந்தத் தொடர்பற்ற அம்மாள், கல்யாணமான நாள் முதல் கணவரின் வேலைத் துணியைக் குளியலறையில் உதறி வந்தார். உதறாமல் நனைத்தால் தூசி சேறாக அப்பிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடித்த தொழில் ரகசியம். கதவை இறுக்கச் சாத்திக்கொண்டுதான் உதறுவார். வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? துணி வெளுத்த வெளுப்பைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி வைத்த பட்டப்பெயர் 'பளிச்சு'.

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் வயிறு அடிக்கடி சுருட்டிப் பிடித்தது. டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க ரத்தத்துல ஈயம் இருக்கு. ஈயத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாதும்மா. எலும்புல பத்திரமா சேர்த்து வச்சுக்கும். இப்போ குழந்தைக்காக உங்க எலும்பு கரையுது. கூடவே அந்த ஈயமும் குழந்தைக்குப் போகும்."

"அம்மா வீட்டுக்குப் போயிட்டா?"

"எலும்பையும் கூட்டிக்கிட்டுத்தானே போவீங்க? பால், மாத்திரைன்னு சாப்பிட்டா கரையறது குறையும். புதுசா தூசி மட்டும் உள்ள போகவே கூடாது."

வாடகை வீட்டைக் காலி செய்யலாம். முதுகெலும்பைக் காலி செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

"துணியை ஆலையிலேயே துவைக்கச் சொல்லுங்க," என்றார் கணவரிடம்.

"துணி வெளியே போறதே இல்லைன்னு ஆலையில எழுதி வச்சிருக்காங்க. நான் போய்க் கேட்டா, கொண்டு போனது நான்தான்னு ஆயிடும். வேலை போயிடும்."

"வேலை இருக்கட்டும், பிள்ளை எப்படியோ போகட்டும். அப்படித்தானே?"

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தச் சோறும் ஆலை போட்டதுதான்.

மறுநாள் மாலை பளிச்சு, துணியைப் பையில் கட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனார்.

"வெளித்துணி உள்ள வரக் கூடாதும்மா," என்றார் காவலாளி.

"இது உள்ள இருந்து வந்ததுதாண்ணே."

"உள்ள இருந்து துணி வெளிய போகாதே. அதுவும் ரூல்தான்."

"அப்போ என் கையில இருக்கறது என்ன?"

காவலாளி பையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "நான் எதையும் பார்க்கலை," என்றார். பிறகு தன் அறைக்குப் பின்பக்கம் கையைக் காட்டினார்; அங்கே, கேட்டுக்கு உள்ளேயே, ஒரு குழாயும் சுவரில் ஆணியும் இருந்தன.

பிரசவம் வரை பளிச்சு தினமும் மாலையில் கணவரின் மாற்று உடையோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். கணவர் குழாயடியில் குளித்து, வேலைத் துணியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தபிறகே அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார்.