வாசல் வரை

டீச்சரின் கணவர் பேருந்து ஓட்டுபவர். முதல் வண்டி அவருடையது. விடிவதற்கு முன்பே எழுந்து, விளக்குப் போடாமல் குளித்து, விளக்குப் போடாமல் சட்டை மாட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறிவிடுவார். கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுவதும் அவர்தான். சத்தம் வந்தால் அவள் தூக்கம் கலைந்துவிடும்.

“சொந்த வீட்டுலேருந்து திருடன் மாதிரி போறீங்க. யாராவது பிடிச்சுக் கொடுக்கப் போறாங்க” என்பாள் டீச்சர் மாலையில்.

“நாள் முழுக்கப் பிள்ளைங்களோட மல்லுக்கட்டுறவ. காலைல கொஞ்ச நேரம் கூடத் தூங்கினா யாருக்கு நஷ்டம்?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வேலைக்குப் போவதை அவள் பார்த்ததே இல்லை. அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. அவள் எழும்போது பக்கத்தில் போர்வை மடித்து வைத்திருக்கும். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்றாம் வகுப்பு. அட்டைப்பெட்டியில் டேப்லெட்டுகள் வந்து இறங்கிய அன்றே ஹெச்.எம். அவற்றை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். “பசங்க கையில கொடுத்தா ஒரே வாரத்துல சுக்கு நூறாயிடும் டீச்சர். ஆபீசர் யாராவது வந்தா எடுத்துக் காட்டலாம்.”

“பீரோவுக்குள்ள அடைச்சு வெக்கறதுக்கு அது என்ன சார், கல்யாணப் பட்டுப் புடவையா?” என்றாள் டீச்சர். கேட்டுக் கேட்டு அவர் காதே புளித்துப்போய்ச் சாவியைக் கொடுத்தார்.

அவளுக்கும் முதலில் பயம்தான். ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேடையில் வைத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்து விரலால் தட்டிப் பார்த்தே பழகினாள். வகுப்பில் முதல் நாள் படம் வரையக் கொடுத்தாள். அந்தச் செயலியில் வானவில், பட்டாம்பூச்சி, சிரிக்கிற சூரியன் எல்லாம் தயாராக இருந்தன. தொட்டால் ஒட்டிக்கொள்ளும். மணி அடிக்கும்போது வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை வானவில், எல்லாம் ஒரே வானவில். மறுநாள் அவள் சட்டம் போட்டாள். ரெடிமேட் சூரியன் கூடாது.

“உன் சூரியன் எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ போட்டாத்தானே தெரியும்?”

ஒருவன் பச்சைச் சூரியன் போட்டான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஏன்டா பச்சை என்று கேட்டதற்கு, “இன்னும் பழுக்கல டீச்சர்” என்றான். அன்று மாலை கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அசையும் படம். களிமண்ணில் ஒரு ஆளைச் செய்து, டேப்லெட்டைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, ஒரு படம் எடுக்க வேண்டும். ஆளைத் துளி நகர்த்தி இன்னொரு படம். இப்படியே எடுத்து வரிசையாக ஓட்டினால் ஆள் நடப்பான். எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரிவதற்காக, கடைசியாக எடுத்த படம் திரையில் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். அடுத்ததை எடுத்ததும் அது போய்ப் புதியது மங்கலாக வரும். ரேடியோ அதற்குப் பேய் என்று பெயர் வைத்தான். “டீச்சர், எங்க பேயைக் காணோம்!” என்ற சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்கும்.

கரும்பலகையில் டீச்சர் மூன்று கட்டம் போட்டாள். தொடக்கம், நடு, முடிவு. “கதைன்னா முடியணும். பாதியில நிக்கக் கூடாது.”

அந்த வகுப்பில் ஒரு சிறுமி சுவரோடு ஒட்டியே நடப்பாள், ஒட்டியே உட்காருவாள். பிள்ளைகள் பல்லி என்றார்கள். கூப்பிட்டால் திரும்புவாள், கோபப்படமாட்டாள். ரொட்டி வண்டி ஓட்டிய அவளுடைய அப்பா, முந்தின வருடம் ஒரு காலையில் வேலைக்குப் போனவர், லாரி மோதித் திரும்பி வரவில்லை. பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

மற்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து படம் எடுத்தார்கள். ரேடியோவின் படத்தில் இரண்டு ஷூக்கள் சண்டை போட்டன. பல்லி மட்டும், “நான் தனியாச் செய்றேன் டீச்சர்” என்றாள். அந்த வருடம் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

செருப்புப் பெட்டியைச் சாய்த்து வைத்தால் வீடு. வாசலை டீச்சர் பிளேடால் வெட்டிக் கொடுத்தாள். உள்ளே நீலச் சட்டை போட்ட களிமண் ஆள். களிமண் போதாமல் ஒரு கை குட்டையாக இருந்தது. மூலையில் கைக்குட்டைத் துண்டுக்கு அடியில் ஒரு சிறு உருண்டை. தலையணை என்று நினைத்தாள் டீச்சர். நீலச் சட்டைக்காரர் எழுந்தார். டம்ளரில் எதையோ குடித்தார். குனிந்து ஷூ மாட்டினார். அதற்கே எத்தனையோ படங்கள். பிறகு வாசலை நோக்கி நடந்து, வாசலில் திரும்பி நின்றார்.

அதோடு நின்றது. அடுத்த வகுப்பில் பல்லி பொம்மையை வெளியே எடுத்து வைத்தாள். பெட்டியில் வெறும் வாசல். திரையில் மட்டும் அந்த வாசலில் மங்கலான நீலச் சட்டை. அவள் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது.

“ஏன் கண்ணு எடுக்கல?”

“எடுத்தா அப்பா போயிடுவாரு.”

டீச்சர் அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். “சரி. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடு” என்றாள்.

பல்லிக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் தாங்கியை அதே இடத்தில் நிறுத்துவாள், திரையைத் திறப்பாள், பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் ரேடியோ எட்டிப் பார்த்து, “உன் பேய் நல்ல பேய்டி” என்றான். பல்லி சிரித்தாள். அவள் முன்பல் விழுந்திருப்பதே டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு ஹெச்.எம். வந்தார். டேப்லெட்டுகள் அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும். திங்கட்கிழமை வண்டி வரும். சனிக்கிழமை பெற்றோருக்குப் படங்களைப் போட்டுக் காட்டிவிடலாம். “எல்லாம் முழுசா இருக்கட்டும் டீச்சர். அரையும் குறையுமா ஒண்ணு வந்தா, மானம் போயிடும்.”

வெள்ளிக்கிழமை டீச்சர் பல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இன்னைக்கு எடுத்துடலாமா கண்ணு?”

பல்லி தலையை ஆட்டினாள். “நாளைக்கு.”

“நாளைக்குத்தானே எல்லாரும் பாக்க வராங்க?”

“அப்போ நாளை மறுநாள்.”

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் கைகழுவ ஓடினார்கள், பல்லியும் சுவரோரமாகப் போனாள். வகுப்பில் டீச்சர் மட்டும். திரையில் நீலச் சட்டை மங்கலாக நின்றது. எவ்வளவு நாள்தான் இந்தக் குழந்தை இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். பல் பிடுங்குகிறவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பிடுங்கிவிடுவார், பிள்ளைக்கு அழ நேரம் இருக்காது. அதுதான் நல்லது. அவள் பொத்தானை அழுத்தினாள். இன்னும் சில முறை அழுத்தினாள். வெறும் வாசல். முற்றும் என்று எழுத்துச் சேர்த்தாள்.

பல்லி திரும்பி வந்தபோது தாங்கியில் ஒன்றும் இல்லை.

“எங்க டீச்சர்?”

“ஆபீஸ்ல இருக்கு. நாளைக்குப் பெரிய திரையில பாரு.”

சனிக்கிழமை கூடத்தின் ஜன்னல்களில் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கினார்கள். பல்லியின் அம்மா வேலையிடத்திலிருந்து நேராக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கடைசியாக வந்து பின்னால் நின்றாள். ஷூக்கள் சண்டை போட்டன, எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் செருப்புப் பெட்டி வீடு. சுவர் உயரத்துக்கு நீலச் சட்டைக்காரர் எழுந்தார், குடித்தார், ஷூ மாட்டினார், நடந்தார், வாசலில் திரும்பி நின்றார். பிறகு அவர் இல்லை. வெறும் வாசல் கொஞ்ச நேரம் தெரிந்தது. முற்றும்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பல்லி அக்கம்பக்கம் பார்த்தாள். எல்லோரும் தட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் அவளும் தட்டினாள்.

தாழ்வாரத்தில் அம்மா டீச்சரைத் தேடி வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“சட்டைக் கலர் கூட அதே டீச்சர். அன்னைக்கு இவ தூங்கிட்டிருந்தா. எழுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், ஸ்கூலுக்கு இன்னும் நேரமிருக்கு, பிள்ளை தூங்கட்டும்னுட்டுப் போனாரு. அவர் போனத இவ பாக்கல. அதான் தினமும் என் உயிரை எடுப்பா. அப்பா என்ன குடிச்சாரு, எந்தக் கால்ல முதல்ல ஷூ போட்டாரு, வாசல்ல திரும்பினாரா, என்னைப் பாத்தாரான்னு. நான் சொன்னத ஒண்ணு விடாம வெச்சிருக்கா.”

மூலையில் இருந்த அந்த உருண்டை தலையணை இல்லை.

“வாசலத் தாண்டறது வரைக்கும் இவளேவா டீச்சர் எடுத்தா? தைரியமா?”

டீச்சரின் தலை ஆமாம் என்று ஆடியது. பல்லி அம்மாவின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன், டீச்சரின் கணவர் செருப்பைக் கையில் பிடித்தபடி முன்னறைக்கு வந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். இருட்டில் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மாடி! உயிரே போயிடுச்சு. ஏன் எழுந்த? உடம்புக்கு முடியலையா?”

“ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நான் பாக்கறேன்.”

“என்னத்த பாக்கறது?” என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமாக நடந்து போனார். தெருமுனையில் ஒருமுறை திரும்பினார். அவள் இன்னும் வாசலில் நிற்பதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையை ஆட்டினார்.

திங்கட்கிழமை வண்டி வரும் முன் டீச்சர் பல்லியைத் தனியாக அழைத்து உட்கார வைத்தாள்.

“கண்ணு, கடைசிப் படத்தையெல்லாம் நான்தான் எடுத்தேன். உன்னைக் கேக்காம எடுத்துட்டேன். தப்பு.”

“தெரியும் டீச்சர்.”

“இப்ப பாரு.” டீச்சர் தாங்கியை நிறுத்தி, பெட்டியை அதே இடத்தில் வைத்து, தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். முற்றும் போனது. வெறும் வாசல் போனது. திரையில் மங்கலாக நீலச் சட்டை வந்து நின்றது.

பல்லி குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வாசல்லயே நின்னா படம் முடியாதா டீச்சர்?”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். கரும்பலகையில் மூன்று கட்டங்களும் அப்படியே இருந்தன.

“முடியும்” என்றாள்.

“நீங்க சொல்லவே இல்லையே.”

“எனக்கு... தோணல கண்ணு. இப்ப அப்படியே முடிச்சுடலாமா? அப்பா வாசல்லயே நிக்கட்டும். நீயே முற்றும் போடு.”

பல்லி திரையில் விரலை வைத்தாள், நீலச் சட்டையின் குட்டையான கை இருந்த இடத்தில். பிறகு எடுத்துக்கொண்டாள்.

“வேணாம் டீச்சர். போனத நான் பாத்துட்டேன்.”

வெளியே வண்டியின் ஹார்ன் சத்தம் கேட்டது. ஹெச்.எம். பெட்டிகளை எண்ணி வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். எடுத்துக்கொண்டு போவதற்குள் கொஞ்ச நேரம் விளையாடட்டும் என்று டீச்சர் பிள்ளைகளிடம் டேப்லெட்டுகளைக் கொடுத்தாள். பல்லி சுவரோடு ஒட்டி உட்கார்ந்து வரையும் பக்கத்தைத் திறந்தாள். தயாராக இருந்த சூரியனைத் தொட்டாள். அது சிரித்துக்கொண்டே வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு வானவில். அதன் மேல் இன்னொரு வானவில்.

“டீச்சர், பல்லி ரெடிமேட் போடறா!” என்று ரேடியோ கத்தினான்.

டீச்சர் வந்து பின்னால் நின்றாள். பல்லி நிமிராமல், “எல்லாருக்கும் இதே சூரியன்தான டீச்சர்?” என்றாள்.