பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு பரண்

ஒரகடத்திலிருந்து பைக்கில் வந்து, ஏரிக்கரைப் புளியமரத்துப் பரணில் குமார் அண்ணனோடு பதுங்கியிருக்கிறேன். கார் கம்பெனி அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை செய்பவர். கர்ப்பமாயிருக்கும் அவர் மனைவி மான்கறி கேட்டாளாம். அவர் கையில் வில்.

“மாட்டுனா ஜெயிலுண்ணே.”

“கம்முனு இரு தம்பி. நீ வுடற மூச்சு மதுரைக்கே கேக்குது.”

விடியும் நேரத்தில் ஒரு புள்ளிமான் வருகிறது. அண்ணன் நாணை இழுக்கிறார். கம்பெனிக் கழிவுநீர்க் கால்வாய் ஏரியில் கலக்கும் இடத்தில் மான் குனிந்து, நுரையை மூக்கால் விலக்கிக் குடிக்கிறது. குடித்துக்கொண்டே இருக்கிறது.

நாண் தளர்கிறது.

“இந்தத் தண்ணிய குடிக்கிற மானை புள்ளத்தாச்சிக்கு எப்டிப்பா ஆக்கிக் குடுக்கறது?”

மான் போனபின் இறங்குகிறோம். கரையோரக் கிணற்றில் ஒரு டேங்கர் லாரி குழாயை இறக்கியிருக்கிறது. எங்கள் கம்பெனி ஹாஸ்டலுக்குத் தினமும் குடிதண்ணீர் கொண்டுவரும் லாரி. டிரைவர் என்னை அடையாளம் கண்டு சிரிக்கிறார்.